தெளிக்காமல் விடாத தொட்டி

மாடித்தோட்டத்துச் செம்பருத்திகளில் மாவுப்பூச்சி அப்பியிருந்ததைப் பார்த்த பக்கத்து வீட்டு அக்கா, புளித்த மோரைத் தெளித்தால் போய்விடும் என்றார். "தெளிக்காத செடியில் மட்டும் பூச்சி அப்படியே இருந்ததா அக்கா?" என்று உடனே கேட்டேன். கேள்வி சரிதான். ஆனால், சென்ற ஆண்டு வேப்பெண்ணெயில் பூண்டுச் சாறு சேர்த்து நானே தயாரித்த கரைசலை ஆறு தொட்டிகளுக்கும் தெளித்துவிட்டு, பூச்சி குறைந்ததும் அதன் பெருமையைப் பலரிடம் சொன்னபோது, இதே கேள்வியை என்னிடம் நான் கேட்டுக்கொள்ளவில்லை. அந்த வாரம் நல்ல மழை. ஓங்கிப் பெய்யும் மழையே மாவுப்பூச்சியை அடித்துக்கொண்டு போகும் என்பது எனக்குத் தெரியாததும் அல்ல.

இது அறிவுக்குறைவால் நேர்வதில்லை. 2016-இல் வெளியான ஓர் ஆய்வில், பங்கேற்றவர்கள் தாங்களே முன்வைத்த வாதங்களை வேறொருவருடையவை என்று சொல்லி அவர்களிடமே மதிப்பிடக் கொடுத்தார்கள். அந்த மாற்றத்தைக் கவனிக்காதவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் தம் வாதத்தையே தள்ளிவிட்டார்கள். குறை காணும் திறமை அவர்களிடம் முன்பும் இருந்தது. தம்முடையது என்றிருந்தவரை அது வேலை செய்யவில்லை.

பிரான்சின் நான்சி நகரில் 1903-இல் ரெனே புளோந்த்லோ என்ற மதிப்புமிக்க இயற்பியலாளர் ஒரு புதிய கதிரைக் கண்டதாக அறிவித்து, ஊர்ப் பெயரின் முதல் எழுத்தால் அதை 'N கதிர்' (N-ray) என்றழைத்தார். இருட்டறையில் மங்கிய ஒளி சற்றே கூடுவதைக் கண்ணால் பார்த்துச் சொல்வதே அதற்கான சான்று. மறு ஆண்டு அங்கு சென்ற அமெரிக்க இயற்பியலாளர் ராபர்ட் வுட், கதிரைப் பிரிப்பதாகச் சொல்லப்பட்ட அலுமினியப் பட்டகத்தை அந்த இருட்டில் யாருக்கும் தெரியாமல் எடுத்துவிட்டார். அளவீடுகளோ முன்போலவே வந்துகொண்டிருந்தன. புளோந்த்லோ ஏமாற்றுக்காரர் அல்லர். தாம் கண்டதை உண்மையாகவே நம்பினார். என்னை வருத்துவது வேறு: அந்தச் சோதனைக்குப் புதுக் கருவி எதுவும் தேவைப்படவில்லை. "எனக்குச் சொல்லாமல் சில முறை எடுத்துவிடு" என்று அவர் தம் உதவியாளரிடம் சொல்லியிருந்தாலே போதும்.

அதனால் இம்முறை கரைசலையும், அதே போன்ற புட்டியில் வெறும் நீரையும் அக்காவிடமே கொடுத்துவிட்டேன். எந்த மூன்று தொட்டிகளுக்கு எதைத் தெளிப்பது என்பதை அவரே முடிவு செய்வார். நான் பூச்சிகளை எண்ணி எழுதிக் கொடுத்த பிறகுதான் அதைச் சொல்வார்.