சல்காரியிடம் மாலுமிச் சான்றிதழ் கேட்டவர்களுக்கு

ஞாயிற்றுக்கிழமை மேடையில், கடல் சாகச நாவல்கள் எழுதிய இத்தாலிய எழுத்தாளர் எமிலியோ சல்காரியைப் 'போலிக் கேப்டன்' என்று சொன்னவருக்கும், அதைக் கேட்டுக் கைதட்டியவர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். அங்கேயே பதில் சொல்ல எழுந்தேன். 'சிறுவர் கதைக்காரருக்காக இவ்வளவு நேரமா' என்று உட்கார வைத்துவிட்டார்கள். 

அவர் சொன்ன தகவலில் பிழை இல்லை. சல்காரி கேப்டன் இல்லைதான். 1862இல் இத்தாலியின் வெரோனாவில் பிறந்தவர். வெனிஸில் கப்பல் படிப்பில் சேர்ந்தார், முடிக்கவில்லை. அவர் அறிந்த கடல் அட்ரியாட்டிக் மட்டுமே. மலாய்த் தீவுகளையோ கரீபியனையோ வங்காளத்தையோ கண்ணால் கண்டதில்லை. ஆனாலும் தன்னைக் கேப்டன் என்று சொல்லிக்கொண்டார். அதைக் கேலி செய்த ஒரு பத்திரிகையாளருடன் 1885இல் வாள்சண்டைக்கே போனார். அவரைப் பற்றிய எந்த வாழ்க்கை வரலாற்றிலும் இது இருக்கிறது. யாரும் புதிதாகத் தோண்டி எடுத்த ரகசியம் அல்ல.

அதனால் என்ன? கடல் கதை எழுதக் கப்பலில் போயிருக்க வேண்டும் என்று யார் விதித்தது? வட ஆப்பிரிக்காவின் பண்டைய நகரமான கார்த்தேஜ் எரிந்ததைப் பற்றியும் சல்காரி நாவல் எழுதினார். சைப்ரஸ் தீவின் ஃபமகுஸ்தா கோட்டை 1571இல் துருக்கியரிடம் விழுந்ததை வைத்து, ஆண் வேடமிட்டுப் போர் செய்யும் ஒரு பெண்ணின் கதையை எழுதினார். அந்த முற்றுகையை நேரில் பார்த்தீரா என்று அவரை எவரும் கேட்பதில்லை. காலத்தைக் கற்பனையால் கடக்கலாம், கடலைக் கடக்கக்கூடாதா?

அவர் நூலகங்களில் உட்கார்ந்தார். வரைபடங்கள், பயண இதழ்கள், கலைக்களஞ்சியங்கள் என்று குறிப்பெடுத்துக் குறிப்பெடுத்து எழுதினார். 1883இல் வெரோனாப் பத்திரிகை ஒன்றில் தொடராக வரத் தொடங்கிய கதையின் நாயகன் சந்தோகான் ஒரு மலாய் இளவரசன். ஆங்கிலேயரால் அரசை இழந்து, குடும்பத்தைப் பறிகொடுத்துக் கடற்கொள்ளையனானவன். அவனுடைய எதிரி ஜேம்ஸ் புரூக், 1841இல் போர்னியோ தீவின் சரவாக்கில் ராஜாவாக அமர்ந்த நிஜ ஆங்கிலேயர். ஐரோப்பியர் உலகைப் பங்கு போட்டுக்கொண்டிருந்த காலம் அது. அப்போது ஓர் இத்தாலிய இளைஞர் தன் நாட்டுப் பிள்ளைகளிடம், நாட்டைப் பறிகொடுத்தவன் பக்கம் நில்லுங்கள் என்று சொன்னார். இதைப் பற்றி மேடையில் ஒரு சொல் வந்ததா? 1976இல் வந்த தொலைக்காட்சித் தொடரில் இந்திய நடிகர் கபீர் பேடி நடித்தார் என்பதோடு சந்தோகானின் கதை அங்கே முடிந்துவிட்டது.

'கருப்புக் கொள்ளையன்' என்று நான் பிள்ளைகளுக்குச் சொல்லும் கதை 1898இல் வந்த சல்காரியின் நாவல். தம்பிமாரைக் கொன்ற, கரீபியன் கரை நகரமான மராகைபோவின் ஆளுநருடைய வம்சத்தையே அழிப்பதாக அவன் சபதம் செய்கிறான். கடைசியில், தான் காதலிக்கும் பெண் அந்த ஆளுநரின் மகள் என்று தெரிகிறது. சபதத்தை மீற முடியாமல் அவளைப் படகில் ஏற்றிக் கொந்தளிக்கும் கடலில் விடுகிறான். பிறகு கப்பல் தளத்தில் உட்கார்ந்து அழுகிறான்.

இந்தக் கதையை நாகப்பட்டினம் பக்கத்தில் ஒரு மீனவர் ஊரில் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொன்னேன். படகை இறக்கிவிட்ட இடத்தில் ஒரு பையன் குறுக்கிட்டு, 'அக்கா, அப்போது வாடையா, கச்சானா?' என்று கேட்டான். எந்தக் காற்று என்று தெரிந்தால் அவள் கரை சேர்வாளா என்று சொல்லிவிடுவானாம். உடனே இன்னொருத்தி, நீரோட்டத்தைப் பார்க்காமல் காற்றை மட்டும் வைத்து எப்படிச் சொல்வாய் என்று அவனோடு சண்டைக்குப் போனாள். அரை மணி நேரம் நான் வாயைத் திறக்கவே இல்லை. தகப்பன்மார் தினமும் கடலுக்குப் போகிற வீட்டுப் பிள்ளைகள் அவர்கள். வெரோனாக்காரர் எழுதிய கடல் அவர்களுக்குக் கடலாகத்தான் இருந்தது. அவள் பிழைப்பாள் என்று அந்தப் பையன் அடித்துச் சொன்னான். 1901இல் வந்த அடுத்த நாவலில் அவள் பிழைத்திருக்கிறாள்.

போர்னியோவை ஒட்டிய லபுவான் தீவில் புலி வேட்டை எழுதியிருக்கிறார், அங்கே ஏது புலி என்பீர்கள். இல்லைதான். அதைப் பிள்ளைகளுக்கு ஒரு வரியில் சொல்லிவிடலாம். இந்தியாவை, வழிப்போக்கரைக் கொன்று கொள்ளையடித்த தக்கர்களும் நரபலியும் நிறைந்த காடாகக் காட்டினார் என்பீர்கள். சுந்தரவனக் காடுகளில் நடக்கும் 1895ஆம் ஆண்டு நாவலைச் சொல்கிறீர்கள். அது நியாயமான குறை, எனக்கும் உறுத்துகிறது. ஆனால் அந்த நாவலின் வீரனும் இந்தியன்தான். இந்தக் குறைகளைப் பேசியிருந்தால் நானும் உட்கார்ந்து கேட்டிருப்பேன். நீங்கள் பேசியது குறையை அல்ல. குழந்தைகளுக்கு எழுதுகிறவன்தானே, என்ன சொன்னாலும் கேட்க ஆள் இல்லை என்ற துணிச்சலில் பேசினீர்கள். பெரியவர்களுக்கு எழுதுகிறவர் யாரையாவது இப்படிச் சொல்லியிருப்பீர்களா?

கேப்டன் பட்டம் பொய் என்றீர்களே, அந்தப் பொய்யால் யார் பணக்காரரானார்கள் என்று கேட்டீர்களா? ஆண்டுக்கு மூன்று நாவல் என்று ஒப்பந்தம் போட்டு அவரைப் பிழிந்தார்கள். 1897இல் அரசு ஒரு கௌரவப் பட்டம் கொடுத்தது. அதை வைத்து அடுப்பெரிக்க முடியாது. மனைவி இடா மனநோயால் மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். நல்ல இடத்தில் வைத்துப் பார்க்கப் பணம் இல்லை. நான்கு பிள்ளைகள். 1911 ஏப்ரல் 25 அன்று துரின் நகருக்கு அருகே குன்றுப் பகுதியில் சல்காரி தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். பதிப்பாளர்களுக்கு ஒரு கடிதம் விட்டுச் சென்றார். என் உழைப்பில் நீங்கள் செழித்தீர்கள், என்னையும் என் குடும்பத்தையும் வறுமையில் வைத்தீர்கள், அதற்கு ஈடாக என் இறுதிச் சடங்குச் செலவையாவது ஏற்றுக்கொள்ளுங்கள் என்பது அதன் சாரம். நகரம் அப்போது சர்வதேசக் கண்காட்சியின் திறப்பு விழாவுக்குத் தயாராகிக்கொண்டிருந்தது.

அதன் பிறகும் விடவில்லை. வேறு ஆட்கள் எழுதிய நாவல்களை அவர் பெயரில் அச்சிட்டு விற்றார்கள். போலி என்ற சொல்லை அங்கே போய்ப் பயன்படுத்துங்கள்.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று சிலர் உள்பெட்டியில் கேட்டிருந்தீர்கள். என் முதல் சிறுவர் நூல் இரண்டாம் பதிப்பு வந்ததை நான் தெரிந்துகொண்டது புத்தகக் கண்காட்சியில், ஒரு குழந்தை கையெழுத்துக்காக நீட்டியபோது. பதிப்பாளரிடம் கேட்டேன். குழந்தைகள் புத்தகத்துக்கெல்லாம் ராயல்டி யாரம்மா கேட்கிறார்கள் என்று சிரித்துவிட்டு, பத்துப் பிரதிகளைக் கட்டிக் கொடுத்தார். கதை சொல்லப் போகும் இடங்களில் பொன்னாடை போர்த்துகிறார்கள். பஸ் டிக்கெட்டுக்குப் பணம் கேட்டால் முகம் மாறுகிறது. சேவைதானே என்கிறார்கள். ஒலிபெருக்கிக்காரரிடமும் பந்தல்காரரிடமும் இந்தச் சேவையை ஏன் கேட்பதில்லை?

நேற்று அந்தப் பதிப்பாளருக்கு மறுபடியும் எழுதியிருக்கிறேன். எத்தனை பிரதி அச்சிட்டீர்கள், எத்தனை விற்றது, என் பங்கு எவ்வளவு என்று எழுத்தில் பதில் கேட்டிருக்கிறேன். சிறுவர் நூல் எழுதும் நண்பர்கள் யாருக்காவது இதே நிலை என்றால் எனக்கு எழுதுங்கள். சேர்ந்தே கேட்போம்.