"நாய் ஜாக்கிரதை" போர்டு மாட்டிவிட்டால் தீர்ந்ததா?

தெரு வாட்ஸ்அப் குழுவில் நேற்று நடந்ததை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். இருட்டோடு ரப்பர் பால் வெட்டப் போன மனுஷனை வீட்டு நாய் ரோட்டில் துரத்திப் பிறாண்டியிருக்கிறது. உடையவர் சொல்கிறார்: "கடிக்கவில்லையே! கேட்டில் போர்டு இருக்கு. தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு வந்தால் குரைக்காதா?" அதற்குக் கீழே வரிசையாக இதயங்கள் வேறு.

அண்ணாச்சி, போர்டு உங்கள் காம்பவுண்டுக்குள் வருகிறவனுக்கு. நாய் நின்றது ரோட்டில்.

பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 291-வது பிரிவைப் படியுங்கள். வளர்க்கும் விலங்கால் மனித உயிருக்கோ உடம்புக்கோ பெரிய ஆபத்து வரலாம் என்றால் அதைத் தடுக்க வேண்டியது வைத்திருப்பவர். தெரிந்தோ அலட்சியத்தாலோ தவறினால் 6 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கடித்த பிறகுதான் குற்றம் என்று அதில் இல்லை. நாய் உங்களுடையது என்றால் பொறுப்பும் உங்களுடையது, அவ்வளவுதான்.

"வெறும் பிறாண்டல்" என்கிறீர்களே, ரத்தம் வராத கீறலுக்கும் ரேபிஸ் ஊசி உண்டு. தோலில் போடும் ஊசி என்றால் முதல் நாள், அப்புறம் 3, 7, 28-வது நாள். என் மைனிக்கு இப்படித்தான் ஆனது. "நாய்க்கு ஊசி போட்டாச்சா?" என்று கேட்டோம். "வீட்டு நாய்க்கு எதுக்கு ஊசி?" என்று சிரித்தார்கள். தையல் வேலையைப் போட்டுவிட்டு ஆசாரிப்பள்ளம் அரசு ஆஸ்பத்திரிக்கு அலைந்தது மைனி. வளர்ப்பு நாய்க்குத் தடுப்பூசி உடையவர் பொறுப்பு என்று 2023-ம் வருஷத்து விலங்கு இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகளே சொல்கின்றன.

உடனே நான் நாய் வெறுப்பாளி ஆகிவிட்டேன்! பாட்டா காலத்திலிருந்து எங்கள் வீட்டில் நாய் இல்லாத நாளில்லை. இதை எழுதும்போதும் ஒன்று காலடியில்தான் கிடக்கிறது.

"கட்டியே போட்டால் கொடுமை இல்லையா?" நியாயம். குட்டைச் சங்கிலியில் நாளெல்லாம் கட்டிப்போடுவதும் குற்றம்தான். அதனால்தான் வாரைப் பிடித்து நடத்திக் கூட்டிப்போங்கள் என்கிறேன்.

"தெருநாயைப் பற்றிப் பேசு" என்பவர்களுக்கு: பேசலாம். சாக்கில் கட்டிக் குட்டிகளைச் சந்தையோரம் கொண்டுவிட்டவர்கள் யார்? கைவிடுவதும் 1960 விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். முதல் தடவைக்கு அபராதம் அதிகபட்சம் 50 ரூபாய். அந்தத் தைரியம்தான் உங்களுக்கு.

என்னைக் குழுவிலிருந்து நீக்கியதில் வருத்தமில்லை. சரி, கொஞ்சம் இருக்கிறது. ஆனால் பால் வெட்டும் அந்த அண்ணன் "விடுங்க, அவங்க தோட்டத்துலதான் வெட்டுறேன்" என்றபோது எனக்குப் பேச்சே வரவில்லை. அண்ணாச்சி, மன்னிப்புக்கூட வேண்டாம். அவர் ஊசிக்குப் போகிற நாட்களில் கூலியைப் பிடிக்காதீர்கள்.