அந்தப் பிரசாதப் பை துணி இல்லைங்க, பிளாஸ்டிக்

நம்ம கோயில் காவடிக்குக் குடுத்த பச்சைப் பையைப் பத்தி நேத்து ரெண்டு வரி எழுதினதுக்கு "எல்லாத்துலயும் குத்தம் கண்டுபிடிக்கிறவ"ன்னு பேரு வச்சாச்சு. சரி, திரும்பவும் சொல்றேன். அது துணிப்பை இல்ல, பாலிப்ரோப்பிலீன்ங்கிற பிளாஸ்டிக். நான்வோவன்னு சொல்வாங்க, அதாவது நெய்யாதது. பிளாஸ்டிக் குருணையை உருக்கி, இழை இழையா இழுத்து, பெல்ட் மேல பரப்பி, சூடான ரோலர்ல அழுத்தி எடுக்கிறாங்க, அதான் கிட்ட வச்சுப் பாத்தா புள்ளி புள்ளியா இருக்கு. தறியும் கிடையாது பஞ்சும் கிடையாது, ஓரத்துல தையல்கூட இல்ல, மெஷின்ல ஒட்டினது. 2016 ஜனவரி 1ல இருந்து மொரிஷியஸ்ல பிளாஸ்டிக் பைக்குத் தடைன்னு பெருமையாப் பேசிக்கிட்டே அதே பிளாஸ்டிக்ல முருகன் படம் போட்டுக் குடுக்கிறோம்.

"இந்தியாவுலயே யூஸ் பண்றாங்களே"ன்னு ஒரு அண்ணன் கேட்டாரு. அண்ணே, தமிழ்நாட்டுல 2019 ஜனவரில தடை பண்ண லிஸ்ட்லயே இந்தப் பை இருக்கு. 2021 செப்டம்பர் 30ல இருந்து இந்தியா முழுக்க இந்தப் பை 60 ஜிஎஸ்எம்முக்கு, அதாவது சதுர மீட்டருக்கு 60 கிராமுக்குக் கீழ இருக்கக் கூடாது. நம்மளோடது உள்ள கைவிட்டா வெரல் தெரியுது! மாஸ்க்குக்கும் இதே நான்வோவன்தான். கொரோனா டைம்ல அதுக்குன்னு சீனா, இந்தியான்னு புதுசு புதுசா மெஷின் போட்டாங்க, மாஸ்க் வியாபாரம் படுத்துடுச்சு, அந்த மெஷினுக்கெல்லாம் வேலை வேணும்ல? அது நம்ம தலையில வந்து விடியுதுன்னுதான் நான் நினைக்கிறேன்.

"அப்போ நான்வோவனே வேணாமா?" வேணும்பா. ஆஸ்பத்திரி கவுனுக்கு வேணும், டயப்பருக்கு வேணும். ஜப்பான்ல அசாஹி கசேய்ங்கிற கம்பெனில பருத்திக்கொட்டை மேல ஒட்டியிருக்கிற குட்டை இழையைக் கரைச்சே நான்வோவன் பண்றாங்க. அதை யாரு குறை சொன்னா?

எனக்கு வலிக்கிறது வேற. எங்கம்மா இங்க ரோஸ் ஹில் ஊர்ல கார்மென்ட் பேக்டரில தச்சவங்க. 1970ல ஏற்றுமதி மண்டலச் சட்டம் வந்தப்புறம் இந்தத் தீவை நிமித்தினது பொம்பளைங்க கைதான். எந்த நாடு எவ்வளவு துணி அனுப்பலாம்ங்கிற உலக ஜவுளி கோட்டா 2005ல முடிஞ்சப்போ மூடின பேக்டரிகள்ல அம்மாவோடதும் ஒன்னு. போன வருஷக் காவடிப் பையை, சாமி படம் இருக்கேன்னு தூக்கிப்போட மனசில்லாம பால்கனில மாட்டி வச்சிருந்தாங்க. வெயில் பட்டு இப்போ தொட்டா உதிருது, முருகன் மொகம் செதில் செதிலா அவங்க கையில ஒட்டுது. தச்சுத் தச்சுக் காய்ப்பு ஏறின கை.

துணிப்பை விலை ஜாஸ்தியாம். ஜாஸ்திதான். பந்தல் லைட்டுக்கு விலை பாத்தோமா? நம்ம தெருவுலயே மெஷினை மூடி வச்சிட்டு உக்காந்திருக்கிற அக்காங்க எத்தனை பேரு, அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேக்காம வெளிநாட்டுக்கு ஆர்டர் போட்டது யாரு? கமிட்டி ஆளுங்க என் ஃப்ரெண்ட் லிஸ்ட்லயே இருக்கீங்க. பாத்துட்டு நகந்து போகாம பதில் சொல்லுங்க.