முதல் பெண் முதல்வர் யார்?

சகோ, எம்.ஜி.ஆரின் மனைவி ஜானகி அம்மா எந்தப் பதவியிலும் இருந்ததில்லை, தமிழ்நாட்டின் முதல் பெண் முதல்வர் ஜெயலலிதாதான் என்று மேலே போட்டிருக்கிறீர்கள். அது சரியில்லைங்க. எம்.ஜி.ஆர். 24-12-1987 அன்று காலமானார். அடுத்த மாதம், 7-1-1988 அன்று ஜானகி ராமச்சந்திரன் முதல்வராகப் பதவியேற்றார். நம்பிக்கை வாக்கெடுப்பில் சட்டசபையில் பெரிய ரகளை. 30-ம் தேதி ஆட்சி கலைக்கப்பட்டது. மொத்தம் 24 நாள். குறைவுதான், ஆனாலும் முறைப்படி முதல்வர். ஜெயலலிதா முதல்முறை பதவியேற்றது 1991 ஜூன் 24.

சட்டமன்ற இணையதளத்தில் முதல்வர்கள் பட்டியல் இருக்கிறது. 1988-க்கு நேரே யார் பெயர் என்று பாருங்கள். கடலூரில் குரூப் 4-க்குப் படிக்கிற பிள்ளைகள் நிறைய பேர் இதைப் படிக்கிறார்கள், பதிவைத் திருத்திவிட்டால் நல்லது.