அந்த நாலு கிழங்களில் ஒரு கிழம் எழுதுகிறேன்

நேற்றிலிருந்து அந்த வீடியோவைப் பதினோரு பேர் எனக்கு அனுப்பிவிட்டார்கள். நீங்களும் பார்த்திருப்பீர்கள், அதனால் யார் என்று சொல்லப் போவதில்லை. பங்கை விற்றாராம், மறுநாள் பணம் வரவில்லையாம். "டீக்கடைல பத்து ரூபா ஸ்கேன் பண்ணா ரெண்டு செகண்ட்ல போகுது, என் ரெண்டு லட்சத்துக்கு ஏன் ரெண்டு நாள்? ஏன்னா பேக் ஆபீஸ்ல நாலு கிழம் உக்காந்து ஃபைல் தள்ளுது." பின்னணியில் சிரிப்புச் சத்தம் வேறு.

அந்த நாலில் ஒன்று நான்தான். வயது 53. 1994-லிருந்து பங்கு புரோக்கர் அலுவலகத்தில் இதே பிழைப்பு: வியாபாரம் முடிந்த பிறகு பணத்தையும் பங்கையும் கணக்குத் தீர்ப்பது.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். அவர் விற்றதற்கு மறுநாள் வங்கிகளுக்கு விடுமுறை, சந்தைக்கு விடுமுறை இல்லை. இதற்கு செட்டில்மெண்ட் ஹாலிடே என்று பெயர். வியாபாரம் நடக்கும், பணமும் பங்கும் கை மாறாது, அடுத்த வேலை நாளில் இரண்டு நாள் கணக்கும் சேர்ந்து தீரும். வங்கிகள் ஆண்டுக் கணக்கு முடிக்கிற ஏப்ரல் 1 வருடா வருடம் இப்படித்தான். இதெல்லாம் முன்கூட்டியே சர்க்குலராக வந்துவிடும். அவருடைய செயலியிலும் அறிவிப்பு வந்திருக்கும், விரலால் தள்ளிவிட்டிருப்பார். ஃபைல் தள்ளுகிறவர்களைச் சொல்கிறார்!

சரி, விடுமுறை இல்லாவிட்டாலும் இன்று விற்றால் நாளைதான் பணம் என்கிற அந்த ஒரு நாளுக்கு வருகிறேன். அந்த ஒரு நாள் சோம்பேறித்தனத்தால் வந்தது இல்லை. இதை இந்தப் பதிவில் நான் பத்து தடவை சொன்னாலும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது அலுவலகம் செகண்ட் லைன் பீச்சில், மெட்ராஸ் ஸ்டாக் எக்ஸ்சேஞ்ச் பக்கத்தில். அந்த எக்ஸ்சேஞ்ச் 2015-இல் மூடிவிட்டது, அது வேறு கதை. பங்கு என்றால் அப்போது காகிதம். சான்றிதழோடு டிரான்ஸ்ஃபர் டீட், அதாவது விற்றவர் கையெழுத்துப் போட்டுப் பங்கை மாற்றிக் கொடுக்கும் பத்திரம், ஒன்று இருக்கும், அதன் பின்பக்கம் முத்திரை வில்லை ஒட்ட வேண்டும். பிளாஸ்டிக் கிண்ணத்தில் ஈர ஸ்பாஞ்ச் வைத்திருப்போம். மதியத்துக்குள் தண்ணீர் வற்றிவிடும், நாக்கால் நக்கி ஒட்டுவோம். சாயங்காலம் காபி குடித்தால் காபியிலும் பசை வாசம் அடிக்கும். பெயர் மாற்றத்துக்காக நிறுவனத்துக்குக் கோணிப்பையில் கட்டி ரயிலில் போன காகிதங்கள் இரண்டு மாதம் கழித்துத் திரும்பி வரும். மேலே ஒரு சின்ன சீட்டு குத்தியிருக்கும்: கையெழுத்து ஒத்துப்போகவில்லை. இதற்குப் பேட் டெலிவரி என்று பெயர். வாங்கியவர் நம் முன்னால் உட்கார்ந்திருப்பார். காரைக்குடியிலிருந்து வந்த ஒரு ஓய்வு பெற்ற வாத்தியார் மூன்று முறை வந்து உட்கார்ந்தார். அவருக்கு விற்ற ஆள் இதற்குள் செத்தே போயிருந்தார். செத்தவரிடம் மறுபடி கையெழுத்து வாங்கி வா என்று எந்தச் செயலியில் கேட்பது?

அங்கிருந்து இங்கே வந்தோம். 1996-இல் டெபாசிட்டரி சட்டம் வந்தது, பங்கைக் காகிதம் இல்லாமல் மின்னணுக் கணக்கில் (டிமேட்) வைக்க. அப்படி வைத்திருக்கும் நிறுவனங்களாக அதே வருட நவம்பரில் என்எஸ்டிஎல், 1999-இல் சிடிஎஸ்எல். 2002 ஏப்ரலில் டி+3, அதாவது வியாபாரம் நடந்து மூன்றாவது வேலை நாளில் கணக்கு தீரும், 2003 ஏப்ரலில் டி+2. 2022 பிப்ரவரி 25-இல் சந்தை மதிப்பில் கடைசியில் இருந்த 100 பங்குகளில் தொடங்கி, மாதா மாதம் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, 2023 ஜனவரி 27-இல் எல்லாப் பங்கும் டி+1. அமெரிக்கா இந்த இடத்துக்கு வந்தது 2024 மே 28-இல். ஐரோப்பா 2027 அக்டோபருக்கு நாள் குறித்திருக்கிறது. அந்த வீடியோக்காரர் பல்லவி பாடுகிற "டெவலப்டு கன்ட்ரி" எல்லாம் நமக்குப் பின்னால்தான் வந்தது, வருகிறது. அதில் இந்தக் கிழங்களுக்கும் ஒரு பங்கு உண்டு. அந்த பதினொரு மாதமும் ராத்திரி பத்து மணிக்கு முன் நான் வீட்டுக்குப் போனதில்லை.

இப்போது டீக்கடை. யுபிஐ-யில் பணம் ரெண்டு செகண்டில் போகிறது என்று நினைக்கிறீர்களே, உங்கள் கணக்கில் கழிகிறது, டீக்கடைக்காரர் கணக்கில் ஏறுகிறது, அவ்வளவுதான். அந்த இரண்டு வங்கிகளுக்கும் நடுவிலான பணம் அந்த நொடியில் நகர்வதில்லை. நாள் முழுக்கப் பல சுற்றுகளாகக் கூட்டிக் கழித்து, மிச்சம் மட்டும் ரிசர்வ் வங்கி வழியாகத் தீர்க்கப்படுகிறது. உங்களுக்கு அது தெரிவதில்லை, ஏனென்றால் அங்கேயும் ஒரு பேக் ஆபீஸ் இருக்கிறது. அங்கேயும் நாலு கிழம் இருக்கலாம்.

பங்கில் இதே கூட்டல் கழித்தல்தான். நம்மிடம் ஒரு வாடிக்கையாளர் ஒரே பங்கில் 1000 வாங்குகிறார், இன்னொருவர் 980 விற்கிறார் என்றால், அலுவலகம் என்ற அளவில் வெளியிலிருந்து வர வேண்டியது 20 மட்டும். பணமும் அப்படியே. ஒவ்வொரு வியாபாரத்தையும் அந்தந்த நொடியில் தனித்தனியாகத் தீர்க்க வேண்டுமென்றால் வாங்குகிறவர் முழுப் பணத்தையும், விற்கிறவர் முழுப் பங்கையும் முதலிலேயே மேசையில் வைத்தாக வேண்டும். அத்தனை பணத்துக்கு மியூச்சுவல் ஃபண்டு, வெளிநாட்டு நிறுவனம் எல்லாம் எங்கே போகும்? அப்புறம், நீங்கள் யாரிடம் வாங்குகிறீர்கள் என்று உங்களுக்குத் தெரியுமா? தெரியாது. அந்த ஆள் பங்கைத் தராமல் ஓடிவிட்டால்? நடுவில் கிளியரிங் கார்ப்பரேஷன் நிற்கிறது. விற்றவருக்கு வாங்கியவராகவும் வாங்கியவருக்கு விற்றவராகவும் அதுதான் பொறுப்பு. ஷார்ட் டெலிவரி, அதாவது விற்றவர் பங்கைத் தரவில்லை என்றால் ஏலம் விட்டு வாங்கிக் கொடுக்கும், கிடைக்கவில்லை என்றால் பணமாகத் தீர்க்கும். இதற்கெல்லாம்தான் அந்த ஒரு நாள்.

"அன்றே வேண்டும்" என்பவர்களுக்கு வழி இல்லாமலும் இல்லை. 2024 மார்ச் 28-இல் 25 பங்குகளில் டி+0 சோதனை தொடங்கியது. மதியம் ஒன்றரைக்குள் வியாபாரம், அன்று சாயங்காலமே கணக்கு முடியும். பின்பு பெரிய 500 பங்குகள் வரை, சந்தையைக் கட்டுப்படுத்தும் அமைப்பான செபி கதவைத் திறந்தது. போய்க் கேளுங்கள், அங்கே கூட்டமே இல்லை.

சிலர் வருவீர்கள் என்று தெரியும். "நீ தொழில்நுட்பத்துக்கு எதிரி." போங்க சார். அந்த முத்திரை வில்லையை நக்கியவன் கம்ப்யூட்டரைக் கும்பிடுவானா, எதிர்ப்பானா? ஆனால் 2021 பிப்ரவரி 24 ஞாபகம் இருக்கிறதா? காலை 11.40-க்கு என்எஸ்இ, தேசியப் பங்குச் சந்தை, கணினிக் கோளாறில் நின்றது. திரும்ப வந்தது 3.45-க்கு, ஐந்து மணி வரை நீட்டித்தார்கள். நீங்கள் மீம் போட்டுவிட்டுத் தூங்கினீர்கள். அன்று யார் எதை எவ்வளவு வாங்கி விற்றார்கள் என்ற பொசிஷன்களை ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்து முடிக்க எங்களுக்கு விடியற்காலை ஆனது. யாரும் வீடியோ போடவில்லை.

"அந்த ஒரு நாளில் புரோக்கர் உங்கள் பணத்தில் வட்டி தின்கிறான்." ஒரு காலத்தில் தின்றார்கள், ஒத்துக்கொள்கிறேன். இப்போது வாடிக்கையாளர் பணம் தினமும் கிளியரிங் கார்ப்பரேஷனுக்கு மேலே போய்விட வேண்டும். பங்கும் நேராக உங்கள் டிமேட் கணக்குக்கே வருகிறது, எங்கள் கைக்கு வருவதில்லை.

"அப்போ கார்வி?" இதற்கு என்னிடம் பதில் இல்லை. இருந்தாலும் பேசுகிறேன். கார்வி என்ற பெரிய புரோக்கர் நிறுவனத்தின் மேல் 2019 நவம்பரில் செபி உத்தரவு வந்தபோது எனக்கு வயிறு கலங்கியது. வாடிக்கையாளர்கள் கொடுத்த பவர் ஆஃப் அட்டர்னியை வைத்து அவர்களுடைய பங்குகளையே அடமானம் வைத்துக் கடன் வாங்கியிருந்தார்கள், 2,000 கோடி ரூபாய்க்கு மேல். அதைச் செய்யவும் ஒரு பேக் ஆபீஸ் வேண்டும். யாரோ ஒருவர் ஃபைலைப் போட்டிருக்கிறார், யாரோ சரிபார்த்திருக்கிறார். என்னைப் போல ஒருவர். அந்த வாரம் என் சொந்தத் தம்பியே போன் பண்ணி, "அண்ணே, என் பங்கெல்லாம் இருக்குல்ல?" என்றான். கோபம் வரவில்லை, அவன் கேட்டது நியாயம். அதற்குப் பிறகுதான் 2020-இல் உங்கள் கணக்கிலேயே பங்கை வைத்துக்கொண்டு பிளெட்ஜ் (அடமானம்) செய்யும் முறை வந்தது. பங்கை விற்கும்போது கேட்கிறதென்று நீங்கள் சலித்துக்கொள்கிற அந்த டி-பின் ரகசிய எண், ஓடிபி எல்லாம் சும்மா வந்தவை இல்லை. ஒவ்வொரு விதிக்கும் பின்னால் யாரோ ஏமாந்த கதை ஒன்று உண்டு. அதனால்தான் விதிகளை நான் திட்டுவதில்லை.

திட்டுவதில்லை என்று எழுதிவிட்டேன். இப்போது திட்டப் போகிறேன்.

என் மாமனார் 2023-இல் காலமானார். அத்தை இரும்புப் பெட்டியில் பட்டுப் புடவைக்கு அடியிலிருந்து ஒரு கவரை எடுத்துக் கொடுத்தார். எண்பதுகளில் வாங்கிய 300 பங்குகள், காகிதமாகவே. 2019 ஏப்ரலுக்குப் பிறகு காகிதத்தில் விற்க முடியாது, அத்தை பெயருக்கு மாற்றி டிமேட்டில்தான் போட வேண்டும். என்ன பெரிய வேலை, முப்பது வருடமாக இதைத்தானே செய்கிறோம் என்று நானே எடுத்துக்கொண்டேன்.

சான்றிதழில் மாமனார் பெயருக்கு முன்னால் ஒரு முதலெழுத்து மட்டும். ஆதாரில் அவருடைய அப்பா பெயர் முழுசாக. இரண்டும் ஒரே ஆள் என்று பிரமாணப் பத்திரம் எழுது. வாரிசுச் சான்றிதழுக்குத் தாலுகா அலுவலகத்துக்கு நாலு நடை. மற்ற வாரிசுகளின் ஆட்சேபணை இல்லாக் கடிதம், அதற்கு நோட்டரி. வெளிநாட்டில் இருக்கும் மைத்துனனுக்கு அந்த ஊர் நடைமுறை தனி. ஏழு வருடம் டிவிடெண்டு கேட்காமல் கிடந்த பங்குகள் அரசின் நிதிக்கே போய்விடும், அங்கிருந்து மீட்க இன்னொரு படிவம். நல்லவேளை, அதற்குக் கொஞ்சம் முன்னால் பிடித்துவிட்டோம். கடைசியில் அத்தையின் கையெழுத்தை வங்கி மேலாளர் சான்று செய்ய வேண்டும். வங்கியில் இருக்கும் மாதிரிக் கையெழுத்து 1987-இல் போட்டது. அத்தைக்கு இப்போது 78, கை நடுங்குகிறது. மேலாளர் இரண்டையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். "சார், நான் எப்படிப் போடறது?" அவரையும் தப்பு சொல்ல முடியாது, நாளைக்கு ஏதாவது என்றால் அவர் தலைதான் உருளும்.

பதினாலு மாதம் ஆகிறது. ஒரு நாளை ஒரு மணி நேரம் ஆக்கு என்று கத்துகிறீர்களே, இந்தப் பதினாலு மாதத்தைப் பதினைந்து நாள் ஆக்கு என்று ஒருவராவது கத்தினீர்களா? நாட்டில் டிமேட் கணக்குகள் 20 கோடியைத் தாண்டிவிட்டன. அத்தனை பேரும் ஒரு நாள் சாகத்தான் போகிறோம். எத்தனை பேர் நாமினி போட்டிருக்கிறீர்கள்? வீடியோக்காரர் போட்டிருப்பாரா? அவருடைய ரெண்டு லட்சம் ஒரு நாள் தள்ளி வந்ததற்கு எட்டு லட்சம் பேர் பார்த்த வீடியோ. என் அத்தையின் 300 பங்குக்கு நான் ஒருவன், ஒரு பிளாஸ்டிக் ஃபைல்.

போன வாரம் அந்த நிறுவனத்தின் பங்குதாரர் பதிவேட்டைப் பராமரிக்கும் ரிஜிஸ்ட்ராரிடமிருந்து மறுபடி கடிதம் வந்தது. 1994-இல் சின்ன சீட்டில் குத்தி வந்த அதே வரி, இப்போது மின்னஞ்சலில், க்யூஆர் கோடு எல்லாம் போட்டு: கையெழுத்து ஒத்துப்போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அத்தை வீட்டுக்குப் போயிருந்தேன். கிழித்த நாள்காட்டித் தாள்களை அடுக்கி வைத்துக்கொண்டு, பின்பக்கத்தில் 1987 கையெழுத்தைப் பார்த்துப் பார்த்துப் போட்டுப் பழகிக்கொண்டிருந்தார். ஒன்றை எடுத்து நீட்டி, "மாப்பிள்ளை, இது பரவாயில்லையா பாருங்க" என்றார்.