தோட்டா நிரப்ப கண்ணாடியும் கைக்குட்டையும் போதுமா?

"கண்ணுக்குக் கண்ணாடி, மூக்குக்குக் கைக்குட்டை இருந்தால், சுட்டு முடிந்த காலித் தோட்டாவை வீட்டிலேயே மருந்தும் ஈயக் குண்டும் போட்டு மறுபடி நிரப்பலாம். முடித்ததும் பால் குடித்தால் ஈயம் முறிந்துவிடும்." காட்டுப்பன்றித் தொல்லை உள்ள வேலூர், அணைக்கட்டுப் பக்கம் வாட்ஸ்அப்பில் சுற்றும் இந்தச் செய்தி தவறு.

பால் ஈயத்தை முறிக்காது. உடலில் ஏறிய ஈயம் எலும்பில் வருடக்கணக்கில் தங்கும். நுண்ணிய ஈயத்தூளைக் கைக்குட்டை தடுக்காது. சட்டையில் ஒட்டி வீட்டுக் குழந்தைகளிடமும் போய்ச் சேரும். கண்ணாடி அவசியம்தான், சரி. ஆனால் தோட்டாவின் அடியில் உள்ள பற்றவைக்கும் மருந்து ஒரு தட்டுக்கே வெடிக்கும். விரலுக்கு என்ன காவல்?

அப்புறம், 1959 ஆயுதச் சட்டப்படி உரிமமின்றித் தோட்டா தயாரிப்பதே குற்றம். 2019 திருத்தத்துக்குப் பின் குறைந்தது 7 ஆண்டு சிறை, ஆயுள்வரை போகலாம். துப்பாக்கி வைத்திருக்கும் உரிமம் இதற்குச் செல்லாது.