விலை உயர்ந்த யூஎஸ்பி கேபிள் இரைச்சலைப் போக்காது

கணினியுடன் இணைத்த டிஏசியிலும் (டிஜிட்டல் தரவை ஒலிக்கான மின்சமிக்ஞையாக மாற்றும் கருவி) ஹெட்போன் ஆம்ப்ளிஃபையரிலும் கேட்கும் ரீங்கார இரைச்சலை விலை உயர்ந்த யூஎஸ்பி கேபிள் நீக்கிவிடும், ஒலித்தரத்தையும் உயர்த்தும் என்று பரவிவரும் கூற்று தவறானது. இன்றைய டிஏசிகளில் பெரும்பாலானவை தமக்குள் இருக்கும் கடிகாரத்தின் (நேரத்தைச் சீராக அளக்கும் மின்சுற்று) படியே தரவைப் பெறுவதால், கேபிளில் பிழை நேர்ந்தால் சொடுக்கொலியோ இடைவெளியோ கேட்குமே தவிர, பேஸ் (தாழ்ந்த ஒலிகள்) குறைவதோ குரல் மங்குவதோ நிகழாது. கணினியும் ஆம்ப்ளிஃபையரும் தனித்தனியே எர்த் செய்யப்பட்டிருக்கையில், கேபிள்களின் கிரவுண்ட் கம்பி வழியாக ஒரு மின்சுற்று உருவாகி, 50 ஹெர்ட்ஸ் மின்சாரமும் அதன் மடங்குகளும் ஒலியில் கலப்பதே பெரும்பாலும் இரைச்சலுக்குக் காரணம். தனி மின்னிணைப்புள்ள டிஏசியானால், யூஎஸ்பியைக் கழற்றிவிட்டு ஆப்டிகல் கேபிளால் இணைத்துப் பாருங்கள். ஒளியிழையில் மின்சாரம் பாயாது என்பதால், இரைச்சல் நின்றுவிட்டால் பழுது எங்கே என்பது தெளிவாகிவிடும். இரு கருவிகளையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகுவதே சில வேளைகளில் போதும். எர்த் பின்னை வெட்டிவிடச் சொல்லும் யோசனையை மட்டும் தயவுசெய்து ஏற்காதீர்கள். அது உயிருக்கே ஆபத்தானது.